வகுப்பறையில் எல்லாப் பிள்ளைக்கும் மரியாதை



தவணை ஆரம்பமாகப் போகிறது என்றால் கொப்பி, பென்சில், சப்பாத்து என்று நாம் எல்லோரும் ஓடி ஓடித் தேடுகிறோம். கையில் இல்லாவிட்டால் கைமாற்று வாங்கியாவது பிள்ளையை அனுப்புகிறோம். இவ்வளவும் செய்த பிறகும் சில பிள்ளைகள் ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் "நான் இனி ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று லயத்திலேயே நின்றுவிடுகின்றன. காரணம் கேட்டால் தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லும். நலன்புரி வேலையாக லயங்களுக்குப் போய்வரும் நாம், அந்தப் பிள்ளைகளோடு ஆறுதலாக உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறோம். பல தடவை கடைசியில் வெளியே வருவது ஒரே பேச்சுத்தான்: "தோட்டத்துப் புள்ளன்னு சிரிக்கிறாங்க."

கொப்பி இல்லாத குறையைக் காசு இருந்தால் தீர்த்துவிடலாம். இந்தக் குறையைத் தீர்ப்பது எப்படி? ஒரு பிள்ளையின் இனம், மொழி, சமயம், பெற்றோரின் தொழில் ஆகியவற்றுக்கு வகுப்பறையில் மரியாதை கிடைக்க வேண்டும் என்பது பற்றி இம்முறை கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

உட்படுத்தல் வகுப்பறை என்றால் என்ன?

இந்தச் சொல் இப்போது ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். அதன் கருத்து சுருக்கமாக இதுதான்: ஊனமுற்ற பிள்ளை, ஏழைப் பிள்ளை, வேறு மொழி பேசும் பிள்ளை, சிறுபான்மை இனப் பிள்ளை என்று யாரையும் தள்ளி வைக்காமல், சாதாரணப் பாடசாலையே எல்லாப் பிள்ளைகளையும் ஏற்று, அவரவருக்கு ஏற்றபடி கற்பிக்க வேண்டும். அப்படி நடக்கும் இடம்தான் உட்படுத்தல் வகுப்பறை.

நமது ஊவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் நூற்றுக்கு 73 பேர் சிங்களவர். இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட நமது மக்கள் நூற்றுக்கு 18 பேருக்கு மேல். முஸ்லிம்களும், இலங்கைத் தமிழர் என்று பதியப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை போன்ற நகரங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் தோட்டத்துப் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, உத்தியோகத்தர் பிள்ளை எல்லாம் ஒரே வாங்கில் உட்காருகின்றன. கற்பிக்க வரும் ஆசிரியர் மலையகத்தவராக இருக்கலாம், வடக்கு கிழக்கிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். தமிழ்ப் பாடசாலை தூரம் என்பதால் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் படிக்கும் நமது பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்த விடயம் நமக்குத் தூரத்து விடயம் இல்லை.

ஒரு சிரிப்பு படிப்பைக் கெடுக்குமா?

"சின்னப் பிள்ளைகள் கேலி பண்ணுவது வழக்கம்தானே, பெரிசா எடுக்கக்கூடாது" என்று சிலர் சொல்வார்கள். இதற்குப் பதிலாக அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கேட்ட ஜேன் எலியட் என்ற மூன்றாம் வகுப்பு ஆசிரியை, வெள்ளையினப் பிள்ளைகள் மட்டுமே இருந்த தமது வகுப்பில் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தைப் பார்த்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண் உடையவர்கள் கெட்டிக்காரர்கள், மற்றவர்கள் மட்டமானவர்கள் என்று சொல்லி, அதற்கேற்றபடி நடத்தினார். பிறகு அதையே தலைகீழாக மாற்றினார். பின்னைய ஆண்டுகளிலும் வேறு வகுப்புகளில் இதைச் செய்தார். 1970இல் அது படமாகவும் எடுக்கப்பட்டது. மட்டம் என்று சொல்லப்பட்ட நாளில் ஒரு பயிற்சியைத் தட்டுத் தடுமாறிச் செய்த அதே பிள்ளைகள், உயர்வு என்று சொல்லப்பட்ட நாளில் அதை விரைவாகச் செய்து முடித்தார்கள். ஒரே நாளில் பிள்ளையின் மூளை மாறுமா? மாறாது. மாறியது அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. (இது பிள்ளைகளை வேதனைப்படுத்தும் முறை என்று குறை சொன்னவர்களும் உண்டு. இதை யாரும் செய்துபார்க்க வேண்டாம். இதிலிருந்து கிடைக்கும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

ஒரு நாளில் இப்படியென்றால், வருடக்கணக்காக "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? விளங்காத கணக்கை எழுந்து நின்று கேட்காது. பின் வாங்கிலேயே இருக்கும். விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் டவுன் பெயரைச் சொல்லும். கூட்டத்துக்கு அம்மா வரவேண்டும் என்றால் கடிதத்தையே கொண்டுவந்து கொடுக்காது. தான் யார் என்பதை மறைப்பதிலேயே நாள் போய்விட்டால், படிப்பில் எப்படிக் கவனம் போகும்?

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களிடம் சொன்னது. அதன்படி நடந்தவை பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை கொண்ட லயப் பள்ளிக்கூடங்கள். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனாலும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தனியே பின்தங்கிக் கிடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் ஊவாவையும் விடவில்லை. அந்தக் காலத்தைக் கண்ட தாத்தா பாட்டிமார், "பஸ்ஸில் சத்தமா தமிழ் பேசாத, எதுக்கும் பதில் பேசாம தலையைக் குனிஞ்சு வா" என்று பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பயத்தில் பிறந்த புத்தி. அதே நாட்களில் நமது ஆட்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களையும் அவர்களே நன்றியோடு சொல்வார்கள். பிள்ளைகள் இரண்டையும் கேட்டு வளர வேண்டும்.

இன்று நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமைப் பிரச்சினையைப் பெருமளவில் தீர்த்துவைத்தன. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளையின் பெற்றோர், பண்பாடு, மொழி ஆகியவற்றை மதிக்கவும், தன்னுடையதல்லாத மற்றப் பண்பாடுகளை மதிக்கவும் கல்வி பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். எனவே நமது பிள்ளை வகுப்பில் எதிர்பார்ப்பது தயவு அல்ல, உரிமை.

முதலாவது பெயர்

மரியாதை பெயரில் தொடங்குகிறது. நமது வழக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். இது தெரியாதவர்கள் முதல் பெயரைப் பிள்ளையின் பெயர் என்று நினைத்து, பெண் பிள்ளையை "ராமையா" என்று கூப்பிட, வகுப்பே சிரிக்கும். சிங்களத்தில் 'ழ' எழுத்து இல்லாததால் கனிமொழி 'கனிமொலி' ஆகிவிடுகிறாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாடசாலை இடாப்பில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால், பின்னால் சாதாரண தரப் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் அலைய வேண்டி வரும்.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பெயரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும் சேர்" என்று நீங்களே சொல்லி வையுங்கள். வடக்கு கிழக்குக்கு வெளியிலும் அரச அலுவலகத்தில் தமிழில் கருமமாற்றவும், பதிவேட்டுப் பிரதியைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, எல்ல, ஹல்துமுல்ல போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தயங்காமல் தமிழில் கேளுங்கள்.

மொழி

தமிழ் அல்லது சிங்களம் என்ற தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெற எவருக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை சொல்கிறது. வீட்டில் பேசும் மொழியில் எழுத்தறிவைத் தொடங்கும் பிள்ளைக்குப் பாடம் எளிதாக விளங்கும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தமிழ் வகுப்பிலேயே நமது பேச்சைக் கேலி செய்கிறார்கள். நாம் "வந்தாங்க, போனாங்க" என்போம். யாழ்ப்பாணத்தார் "வந்தவை, போனவை" என்பார்கள். முஸ்லிம் மக்களின் பேச்சு இன்னொரு விதம். எல்லாம் தமிழ்தான். பரீட்சைக்கு எழுதும் தமிழை எல்லோரும் புதிதாகத்தான் படிக்க வேண்டும். "நீ வீட்டில் பேசுவதும் நல்ல தமிழ், பரீட்சைக்கு இப்படி எழுத வேண்டும்" என்று சொல்லித் திருத்தும் ஆசிரியரிடம் பிள்ளை வாய் திறக்கும். "தோட்டத்துப் பேச்சு பேசாதே" என்றால் மூடிக்கொள்ளும்.

இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களத்தையும் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும். சிங்களப் பிள்ளைகளும் அதே முறையில் தமிழ் படிக்கிறார்கள். சிங்களம் படிப்பதால் தமிழ் குறைந்துபோகாது. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையோடு பேசிப் பழகும்போது பாதிப் பயம் போய்விடும்.

சமயமும் வழக்கமும்

நமது தோட்டங்களில் சைவர்கள் அதிகம். கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். பாடசாலையில் பிள்ளை தன் சொந்தச் சமயத்தைப் பாடமாகப் படித்துச் சாதாரண தரத்தில் எழுதலாம். கற்பிக்க ஆசிரியர் இல்லை என்பதற்காக வேறு சமய வகுப்பில் உட்கார வைத்திருந்தால், அதிபரிடம் மரியாதையாகக் கதையுங்கள். கோவிலில் அறநெறி வகுப்பு நடந்தால் அங்கு அனுப்புங்கள்.

திருநீறும் பொட்டும், முஸ்லிம் பிள்ளையின் தலை மறைப்பும், கத்தோலிக்கப் பிள்ளையின் கழுத்துச் சிலுவையும் கேலிக்குரியவை அல்ல. மாரியம்மன் தேருக்கு ஒரு நாள் நிற்பதானால் முன்கூட்டியே வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். சும்மா நின்றுவிட்டால் "தோட்டத்துப் பிள்ளைகள் வராது" என்ற பேர்தான் மிஞ்சும். மாசி மாதக் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் நமது கலைச் செல்வங்கள். கலைவிழாவில் அதை மேடையேற்ற ஆசிரியர் கேட்டால், வாத்தியார் ஒருவரை அனுப்பி உதவுங்கள்.

அப்பா, அம்மா செய்யும் வேலை

"படிக்காவிட்டால் கொழுந்து பறிக்கத்தான் போகணும்" என்று வகுப்பில் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறோம். அதே வகுப்பில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைகள் இருக்கின்றன. அவை தம் தாயைப் பற்றி என்ன நினைக்கும்?

ஊவாத் தேயிலைக்கு ஏன் தனி வாசம்? தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை நமது பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. அந்தக் காலத்தில் பறிக்கும் கொழுந்தின் தேயிலையைத்தான் உலகச் சந்தையில் ஊவாப் பருவத் தேயிலை என்று தேடி வாங்குகிறார்கள். இது புவியியல் பாடம். நிறுவையும் செக்ரோலும் கணிதப் பாடம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விஞ்ஞானப் பாடம். 1860களில் தொடங்கிய தேயிலையும், 1924இல் பதுளை வரை வந்த ரயிலும் வரலாற்றுப் பாடம். நமது முன்னோர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே போனார்கள். ஆசிரியர் கேட்டால் இவற்றையெல்லாம் வகுப்பில் வந்து சொல்லக்கூடிய தாய்மார் நம்மிடம் இருக்கிறார்கள்.

நமது பக்கத்தையும் பார்ப்போம்

பிறர் நம்மைத் தாழ்த்தக்கூடாது என்று கேட்கும் நாம், நமக்குள்ளேயே தாழ்த்துவது சரியா? "அந்தச் சாதிப் பிள்ளை பக்கத்தில் உட்காராதே" என்று சில வீடுகளில் இன்னமும் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு எல்லோரையும் எழுப்பிய தப்பை, இன்று கோவிலிலும் சாவிலும் அடிக்கும் கலைஞரின் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து இருக்கிறது. சாதியைக் காட்டிப் பாடசாலை போன்ற பொது இடங்களில் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமே குற்றம் என்கிறது.

சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை பற்றி வீட்டில் நாம் பேசும் இழிவான சொற்களும் அப்படித்தான். லயக் காம்பராவில் பேசுவது மறுநாள் வகுப்பறைக்குப் போய்விடும். வெசாக் கூட்டைப் பார்க்கக் கூட்டிப் போவதும், பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பண்டத்தை மகிழ்ச்சியோடு வாங்குவதும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பாடங்கள்.

குறை நேர்ந்தால் என்ன செய்வது?

1. பிள்ளை சொல்வதை முழுதாகக் கேளுங்கள். "நீ என்ன பண்ணின?" என்று முதலிலேயே அதட்ட வேண்டாம். யார், என்ன சொன்னார், எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

2. முதலில் வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். பல விடயங்கள் அங்கேயே தீரும். நல்ல ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம்.

3. தீராவிட்டால் அதிபரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போங்கள். அரை நாள் பேர் போகுமே என்று நாம் நின்றுவிட்டால், நமக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

4. அதற்கு மேல் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். இன, மொழிப் பாரபட்சம் என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது.

5. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். எழுதித் தருவது எமது கடமை.

பாடசாலையில் சண்டை பிடிக்க வேண்டும் என்பதற்காக நாம் இதை எழுதவில்லை. குளிரிலும் மழையிலும் மைல் கணக்காக நடந்து வந்து நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊவாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை கொடுக்கத்தான் பெற்றோர் இவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று மாலை வேலை விட்டு வந்ததும், "பரீட்சையில் எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "உன் வகுப்பில் உன்னை எப்படிக் கூப்பிடுறாங்க?" பிள்ளை தன் பெயரைச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். வேறு ஏதாவது சொன்னால், அடுத்த நாளே பாடசாலைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.